ஒன்று கம்பி, இரண்டு கட்டை

கீச்சென்று தொடங்கி, பல்லின் வேர்வரைக்கும் இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, ஒன்றுமே நடக்காததுபோல அடங்குகிற ஒரு சத்தம். போன வாரம் மலாக்காவில் சிவப்பு விளக்குக்காகச் சாலையோரம் நின்றிருந்தேன். ஒரு ரேஸ் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் காதில் பாட்டு. அவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. முன் பிரேக், இடப்பக்க ரப்பர்க் கட்டை, பின்நுனி முதலில் ரிம்மைத் தொடுகிறது. என் கட்டைவிரல் கைப்பையின் வாரைப் பிடித்து ஒரு நூல் அளவுக்குத் திருப்பிவிட்டது, அதுவாகவே. விளக்கு பச்சையானது. அவன் போனான். நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழைய பழக்கம் உண்டு.

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் அப்போதெல்லாம். நீளமான கீச்சு என்றால் கட்டை சாய்வில்லாமல் ரிம்மில் தட்டையாக ஒட்டுகிறது. கரகரவென்றால் கட்டைக்குள் மணலோ இரும்புத் தூளோ புதைந்திருக்கிறது, ஊக்கின் முனையால் நோண்டி எடுக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரே இடத்தில் ‘டொக்’ என்றால் ரிம்மில் எங்கோ அடி வாங்கியிருக்கிறது. பிடியை அழுத்தும்போது கை முழுக்க நடுங்கினால் கோளாறு பிரேக்கில் இல்லை, ஹேண்டில் கழுத்து லூசாகியிருக்கிறது. சத்தமே இல்லாமல், பிடி கடைசிவரை வந்தும் சைக்கிள் நிற்காமல் போகிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. பிரேக் கம்பி நழுவியிருக்கும். அல்லது எண்ணெய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை. எனக்குச் செங் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில். மின்சாரச் சாமானுக்குள் போகும் கம்பிகளை விரல் நுனியால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டுப்பட்டால் ஒதுக்கிவைப்பேன். எட்டு மணி நேரமும் தடவல்தான். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும்.

அவருக்கு ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. யாரோ ஓட்டி விற்றது, வெள்ளையில் நீலக் கோடு, ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். அவரையும் சேர்த்து நண்பர்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, கோலா சுங்கை பாரு கடலோரம் வரைக்கும் மிதித்து, அங்கே மீனோடு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்புவார்கள். அந்தச் சைக்கிளைத் துடைக்கும் நேரத்தில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் என்று நான் எண்ணியதுண்டு. எண்ணியதோடு சரி.

ஒரு சனிக்கிழமை பின்வாசலில் உட்கார்ந்து பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பானர் நழுவி விரல் முட்டி உரிந்தது. கெட்ட வார்த்தையோடு ஸ்பானரை வீசினார். அடுப்படி வாசலில் நின்ற என் காதோரம் பறந்து, கால்வாயில் விழுந்தது. எடுத்துக் கழுவினேன். கொடுக்கப் போனவள் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஃபேக்டரியில் பெல்ட்டை நிறுத்தும் கட்டை கத்தினால் மெக்கானிக் என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறேன். பஸ் டிக்கெட்டை நாலாய் மடித்து, கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகி, பிடியை அழுத்தியபடியே திருகை இறுக்கிவிட்டு, டிக்கெட்டை உருவினேன். இனி முன்நுனி முதலில் தொடும், பின்நுனி அதன் பிறகு வந்து சேரும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தேன். சத்தம் செத்திருந்தது.

அவர் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே” என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மாலைகள் எல்லாம் ஒரே மாதிரி. ஐந்து பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். கோளாறான சைக்கிளை அவர் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வருவார். “நான் வேலை செய்யறப்போ யாரும் வரக்கூடாது, கவனம் போயிரும்” என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்ப்பேன். அவர் குத்துக்காலிட்டு சிகரெட் பிடிப்பார். முடிந்ததும் என் கையிலிருந்த கிரீஸைக் கொஞ்சம் வழித்துத் தன் விரல்களிலும், ஒரு கோடு கன்னத்திலும் பூசிக்கொண்டு, சைக்கிளை வெளியே எடுத்துப் போவார். நான் அவசர அவசரமாகக் கை கழுவிவிட்டு டீ கலக்குவேன்.

“மச்சான், ஒன் கைக்கு இன்சூரன்சு எடுக்கணும் லா!”

“கை இல்லடா, காது. கோளாறு காதுல வந்து விழும் எனக்கு.”

காது என்னுடையது. முந்தின சனிக்கிழமை நான் அவரிடம் சொன்ன வாக்கியம் அது.

ஒருவர் டீயை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார். “தங்கச்சி, டீயில கிரீசு வாசம் அடிக்குதே.”

“குடிச்சிரு லா” என்றார் என் கணவர். “வயித்துக்கு நல்லது. உள்ள போனா கீச்சுன்னு சத்தம் வராது. இவ எதத் தொட்டுட்டு எதத் தொடுவான்னு எனக்கே தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற நானும் சிரித்தேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு ஆறு சைக்கிளையும் தோட்டத்துக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவது என்று முடிவானது. போட்டோ எடுக்க ஆள் வருகிறான் என்று பேச்சு. சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் மாலை, எல்லாம் சரி. அவர்களில் ஒருவருக்கு யோசனை வந்தது: ரிம் பளபளவென்று இருக்க வேண்டும். பூசைக்கு மரச்சாமானையும் வெட்டுக்கத்தியையும் துடைப்பதுபோலத் தேங்காய் எண்ணெய் தொட்டு ரிம்மையும் துடைத்துவிடலாம். என் கணவர் எண்ணெய்ப் போத்தலைத் தேடி அடுப்படிக்கு வந்தார்.

“ரிம்முல போடாதீங்க” என்றேன். “பிரேக் புடிக்காது.”

“சாமி காரியத்துல வாய வெக்காத.”

“ஒங்களுக்கு வேணா போட்டுக்குங்க. மத்தவங்களுக்கு வேணாம்.”

போத்தலை எடுத்துக்கொண்டு போனார். ஆறு சைக்கிளும் அன்று மாலை வெயிலில் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின. பன்னிரண்டு ரிம். கற்பூரம் காட்டினார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை உருட்டி நசுக்கினார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

ஞாயிறு காலை கோலா சுங்கை பாரு போகும் வழியில், இறக்கத்தின் அடியில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சந்திப்பில் நின்றிருந்தது. ஐந்து பேர் புல்லில் விழுந்தும் செருப்பைத் தேய்த்தும் எப்படியோ நின்றுவிட்டார்கள். ஆறாவது, கூட்டத்திலேயே இளையவர், கல்யாணமாகி நாலு மாதம். நேராக லோரியின் பின்பக்கம் போய் மோதினார். முன்பல் இரண்டும் போயின. தோள்பட்டை எலும்பும் முறிந்தது.

மறுநாள் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து எங்கள் வாசலில்தான் உட்கார வைத்தார்கள். ஏனென்றால் சைக்கிள்களுக்கு டாக்டர் இங்கேதான் இருக்கிறார். கை தூளியில் தொங்கியது. வாய் வீங்கி, வெடித்த பழம்போல இருந்தது. நண்பர்கள் அதற்குள் அவருக்குக் ‘கேட்டு’ என்று பேர் வைத்துவிட்டிருந்தார்கள். திறந்த கேட்டு. அவர் சிரிக்க முயன்று, வலித்து, கண்ணில் தண்ணீர் விட்டார். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

“என்னா மச்சான், நீ பாத்த பிரேக்குதானே? ஒண்ணு கூடவா புடிக்காது?” என்று கேட்டார் ஒருவர். குரலில் விளையாட்டு இல்லை.

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். மிகக் கொஞ்சம்.

“பிரேக்கு நான் பாத்தது கரெக்டா இருந்துச்சு. ரிம்மத் தொடைக்கச் சொல்லி இவகிட்ட குடுத்தேன். எண்ணெயப் போட்டுத் தேச்சு வெச்சிருக்கா.”

போத்தலை எடுத்துப் போனதும், தொட்டுத் துடைத்ததும் அந்த ஆறு பேர்தான். எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரோ ஒருத்தரைச் சொல்லியாக வேண்டியிருந்தது, அவர் சொல்லிவிட்டார், அவர்களுக்கும் நிம்மதி.

“அண்ணி தாளிச்சு வுட்டுட்டாங்க போல” என்றது ஒரு குரல்.

“கடுகு போட்டீங்களா தங்கச்சி?”

வாய் வீங்கினவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அவரும் எண்ணெய் தொட்டுத் துடைத்தவர்தான். அவருக்கும் அப்போது அது நான் செய்ததாகவே இருந்தால் தேவலை என்றிருந்தது. பார்வையில் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க ஆறு சைக்கிளையும் நான்தான் சுத்தம் செய்தேன். முதலில் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். தப்பு. எண்ணெய் போனதுபோல இருந்தது, காய்ந்ததும் இன்னும் மோசமாக வழுக்கியது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும். ஒவ்வொரு ரிம்மையும் மூன்று முறை கழுவினேன், விரல் வைத்து இழுத்தால் ‘சிர்ர்’ என்று கத்தும்வரை. கட்டைகளைக் கழற்றி, எண்ணெய் குடித்த தோலைச் சிமெண்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து உள்ளே இருந்த புது ரப்பரை வெளியே கொண்டுவந்தேன். தேய்க்கத் தேய்க்க ஒரே ஒரு எண்ணம். பெரிய எண்ணமெல்லாம் இல்லை. அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேறொரு மனிதர் காதில் விழும்படி ‘இது அவ வேலை’ என்று சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் வேண்டாம். ஒருவர் போதும்.

ஆறு சைக்கிளின் பிரேக்குகளும் முன்னைவிட நன்றாகப் பிடித்தன. அந்தப் பெருமை வழக்கம்போல வாசல் பக்கம் போனது.

மலாக்கா டவுனில், தெங்கேராவில், ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். ரேஸ் சைக்கிளும் விற்பார், ரிப்பேரும் உண்டு. புதுக் கட்டை வாங்கப் போன நண்பர் ஒருவர் அங்கே கதையைச் சொல்லியிருக்கிறார், எண்ணெய் குடித்த ஆறு சைக்கிளை ஒரு ஆள் ஒரே வாரத்தில் சரி பண்ணிவிட்டான் என்று. பாய் சொல்லி அனுப்பினார்: பிரேக் வேலைக்கென்றே எனக்கு ஒரு ஆள் வேண்டும், அடுத்த திங்கள் காலை வரச் சொல், ஒரு சைக்கிளைக் கொடுத்துப் பார்க்கிறேன்.

தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றாகிவிட்டிருந்த நேரம். ஸ்டோரை மூடப்போகிறார்கள். லயத்தையும் காலி பண்ண வேண்டும். என் கணவருக்கு ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. பாய் சொன்ன செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பின்வாசலுக்கு வந்து, துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“சொல்லிக் குடு.”

“என்னாது?”

“அதான். எல்லாத்தையும்.”

நான் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. என் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டேன். தப்பாகச் சொன்னால் ஸ்பானரால் முட்டியில் ஒரு தட்டு. மெதுவாகத்தான். மூன்றாம் நாள் அவ்வளவு மெதுவாக இல்லை. அவருடைய விரல்கள் தடிமனானவை, அமிலத்தில் ஊறித் தோல் கெட்டியானவை. கட்டைக்குள் இருக்கும் மணல் அவற்றுக்குத் தெரியவில்லை.

“இது கூடத் தெரியலையா?”

“தெரியல டி.”

“வெரல் இருக்கா, வாழக்காயா?”

அவர் கட்டையை மறுபடி தடவினார். கண் கட்டியிருந்ததால் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இனித்தது. அதை மறைத்து எழுதி என்ன பயன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு எதுவும் அப்படி இனித்ததில்லை.

சனிக்கிழமைக்குள் தெரிந்துவிட்டது, அவருக்கு வராது. அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர் அந்த ஏற்பாட்டைச் சொன்னார்: நீயும் கூட வா. கடையில் உட்கார்ந்திரு. வளையல் போட்டுக்கொள். கோளாறு கம்பியில் என்றால் ஒரு முறை ஆட்டு. கட்டையில் என்றால் இரண்டு. பிரேக் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மூன்று. பாசாருக்குப் போய்க் கைக்கு ஆறாகக் கண்ணாடி வளையல் அவரே வாங்கி வந்தார், பச்சை நிறத்தில். அவர் தன் கையால் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் வளையல்கள் அவைதான். அளவு சரியாக இருந்தது.

ஞாயிறு மாலை ஒன்று பாக்கியிருந்தது. பிரேக்கைத் தொடுவதற்கு முன்னால் சக்கரம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சு ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்தாலும் ரிம் ஒரு பக்கக் கட்டையில் உரசும், குற்றம் பிரேக்கின் தலையில் விழும். அதைச் சொல்லவும், அதற்கு நாலு ஆட்டு என்று வைத்துக்கொள்ளவும் காத்திருந்தேன். அவர் நண்பர்களோடு வந்தார். வேலை கிடைத்தே விட்டதுபோலக் கொண்டாட்டம். வாசலில் நாற்காலிகள்.

“பாய் கடையில இனிமே நம்ம மச்சான்தான் தலைவரு!”

“கடைக்கு டீ மட்டும் ஒன் சம்சாரத்தக் கொண்டுவரச் சொல்லிறாதே லா, கஸ்டமரு ஓடிருவான்.”

என் கணவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஒரு வாரம் என் காலடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். நான் சக்கரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் இருவரும் பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போனோம். பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நிதானமான ஆள். எனக்கு டயர் அடுக்கின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார். “உக்காரும்மா” என்றார். தாங்கியில் ஒரு சிவப்பு ரேஸ் சைக்கிள் நின்றது.

“முன் பிரேக்கு ஒரு பக்கம் உரசுது தம்பி. பாருங்க. அவசரமில்ல.”

முக்காலியில் உட்காருவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். டயருக்கும் அதைக் கவ்வி நிற்கும் கவைக்கும் நடுவில் இடப்பக்கம் ஒரு விரல் இடைவெளி, வலப்பக்கம் அரை விரல். சக்கரம் கோணலாக உட்கார்ந்திருந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பாய் வேண்டுமென்றே அப்படி மாட்டி வைத்திருந்தார். அச்சின் கைப்பிடியைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி இறுக்கினால் முடிந்தது. ஸ்பானர்கூட வேண்டாம்.

என் கணவர் காதைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோய், நான் சொல்லிக் கொடுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

சக்கரத்துக்கென்று எங்களிடம் வளையல் ஓசை இல்லை. அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்க எனக்குத் தடையில்லை. அவர் திரும்பி, ‘இந்தா, நீ வந்து பாரு’ என்று சொன்னால் போதும். கேட்க ஒரு மனிதர் நின்றிருந்தார். நான் எழுந்திருக்கத் தயாராக முழங்காலில் கை வைத்துக்கொண்டேன். சத்தியமாக, அந்த நேரம்வரை நான் அவர் பக்கம்தான் இருந்தேன்.

நான் கையை ஆட்டாததைப் பார்த்து அவருக்கு முகம் வியர்த்தது. அவர் பார்வை என்மேல் இருப்பதைப் பாய் கவனித்தார். “என்னா தம்பி, சம்சாரம் ஏதாச்சும் சொல்றாங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டார். கதவைத் திறந்து வைத்ததுபோல இருந்தது எனக்கு.

“இவளா?” என்றார் என் கணவர். “இவளுக்கு சைக்கிள்ல பெல்லு எங்க இருக்குன்னு கேளுங்க பாய், முழிப்பா. வீட்டுல தனியா வுட முடியல, அதான் இழுத்துக்கிட்டு வந்தேன்.”

வளையலை ஒரு முறை ஆட்டினேன்.

அவர் முகம் தெளிந்தது. ஸ்பானரை எடுத்துக் கம்பியை அவிழ்த்தார். ஒழுங்காக இருந்த கம்பி, நுனி பிரிந்து சுருண்டது. சக்கரத்தைச் சுற்றினார். உரசியது. பார்த்தார். இரண்டு முறை ஆட்டினேன். கட்டைகளைக் கழற்றினார். தரையில் விரித்திருந்த பேப்பரில் வைத்தார். பார்த்தார். மூன்று. பிரேக்கின் நடுத் திருகைத் தளர்த்தி இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார். மறுபடி ஒன்று. மறுபடி மூன்று. வில் கம்பி துள்ளி விழுந்து டயருக்குப் பின்னால் உருண்டது, முட்டி போட்டுத் தேடி எடுத்தார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் கழற்றிக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை. கால் மணி நேரத்தில் முன் பிரேக் முழுவதும் பேப்பரில் கிடந்தது, சந்தையில் அறுத்து வைத்த கோழி மாதிரி, துண்டு துண்டாக. சக்கரம் இன்னமும் கோணலாகவே நின்றது.

பாய் எழுந்து வந்தார். அச்சின் கைப்பிடியைத் திருப்பினார். சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு. ‘டக்’ என்று உட்கார்ந்தது. இறுக்கினார். சுற்றிவிட்டார். எங்கும் சாயாமல், நேர்கோட்டில், சும்மா சுற்றியது.

“சக்கரம் சரியா உக்காரல தம்பி. அவ்ளோதான்.”

என் கணவர் பேப்பரில் கிடந்ததைப் பார்த்தபடி நின்றார்.

“இதத் திருப்பி மாட்டத் தெரியுமா?” என்று பாய் கேட்டார். கோபமில்லாத குரல். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியும் பாய்.”

“வேணாம். நான் பாத்துக்கறேன். பின்னால பைப்பு இருக்கு, கைய கழுவிக்குங்க.”

அவர் பின்பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாய் குனிந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துணியில் துடைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“எண்ணெ குடிச்ச ஆறு சைக்கிள சரி பண்ணது நீதானேம்மா?”

நான் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“நகம் சொல்லுது. இந்தக் கறுப்பு ஒரு நாள்ல வர்றதில்ல. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒன்னையே வரச் சொல்லியிருப்பேன். பொம்பளயா இருந்தா எனக்கென்ன, பிரேக்கு புடிச்சா சரி.” வில் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இப்பக் கூப்ட மாட்டேன். வளையல்ல அந்த மனுசன ஆட வெச்ச பாரு, அத நான் பாத்துட்டேன். எனக்கு அந்தக் கை வேணாம்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

பஸ் நிலையம்வரை நடந்தோம். வெயில். அவர் கொஞ்சம் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். அவருடைய சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது, காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டை. என் செங் பஸ் வந்து நின்றிருந்தது. அவர் தோட்டத்து பஸ் ஏறுவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. அன்றைக்கே ஜோகூர் பஸ் பிடித்துப் போனார் என்பதை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவரைப் பஸ் நிலையத்தில் பார்த்த பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். தோட்டத்துக்கு அவர் திரும்பவே இல்லை. சைக்கிளைக்கூடக் கேட்டனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்றும் சாவு வீடுகளில், கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம்.

அன்று, செங் பஸ்ஸின் படியில் கால் வைத்துவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். கழுவிய கையில் இன்னும் கிரீஸ் இருந்தது, இந்த முறை அவருடையதே.

“பாய் ஏமாத்திட்டான்” என்றார். “பிரேக்குன்னு சொல்லி சக்கரத்துல வெச்சிட்டான். யாருக்குத் தெரியும் அது.”

டிரைவர் இன்ஜினைப் போட்டார்.

“ஒனக்கும் தெரியல. அதான் அப்படி மாத்தி மாத்தி ஆட்டுன. இல்லியா?” என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை, கண்ணைக் கட்டியிருந்த வாரத்தில் துணிக்குப் பின்னால் இருந்தது அந்த முகமாகத்தான் இருக்க வேண்டும். “ரெண்டு பேருக்குமே தெரியல. அவ்ளோதான? சொல்லு.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். பஸ் நகர்ந்தது. அவர் கம்பியை விடாமல் இரண்டு எட்டு கூடவே வந்தார்.

“கடைக்குள்ள நொழைஞ்சப்பவே தெரியுங்க எனக்கு” என்றேன்.